அப்பாவுக்கு டயாலிசிஸ், எனக்கு எட்டு வகுப்பு போச்சு: தேர்வு எழுத விடுவார்களா?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 21. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் இரண்டாம் ஆண்டு. லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு 54 வயது. இனிப்புநீர் முற்றிச் சிறுநீரகம் செயலிழந்து, ஆறு மாதமாக வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கு நிலையத்தில் இருக்க வேண்டும். அம்மா ஒரு கொண்டோமினியத்தில் துப்புரவு வேலை, ஆறரைக்கே கிளம்பிவிடுவார். அப்பாவைக் கிராப் பிடித்துக் கூட்டிப் போய், ஊசி குத்தி இயந்திரத்தில் போடும்வரை உடனிருந்து, பதினொன்றரைக்குத் திரும்பக் கூட்டி வருவது இந்தப் பெண்.

சிக்கல் ஒரு பாடத்தில். மூன்று கிரெடிட் நிதிக் கணக்கியல். திங்களும் புதனும் காலை எட்டு மணிக்கு விரிவுரை. எட்டு வகுப்புக்கு அவர் போகவில்லை. அதில் இரண்டு நாள் தோழி இவருடைய கணக்கில் நுழைந்து வருகைப் பதிவுக்கான கியூஆர் ஸ்கேன் செய்துவிட்டாள். ஆகவே பதிவில் இருப்பது ஆறு வராத நாள்கள்தான். இப்போது பத்தாம் வாரம். இரண்டாவது எச்சரிக்கைக் கடிதம் மின்னஞ்சலில் வந்துவிட்டது: 80 விழுக்காடு வருகை இல்லையென்றால் இறுதித் தேர்வு எழுத முடியாது, எஃப் கிரேடு.

"கேரி மார்க் (தொடர் மதிப்பீட்டுப் புள்ளி) 40-க்கு 31 வைத்திருக்கிறேன். விரிவுரையாளர் ஸ்லைடைத்தான் வாசிக்கிறார், அது போர்ட்டலிலேயே இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தால்தான் படித்ததாக அர்த்தமா? இந்த விதி யாருக்காக? எப்படிப் படித்தாலும் பெல் கர்வ் போட்டு, மற்றவர்களோடு ஒப்பிட்டு கிரேடை இழுத்துவிடுவார்கள் என்கிறார்கள். எஃப் வந்தால் பிடிபிடிஎன் கல்விக் கடனை உடனே கட்டச் சொல்வார்களாமே? பேசாமல் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகலாமா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தோடு அந்த எச்சரிக்கைக் கடிதத்தையும் இணைத்திருந்தீர்கள். கடைசி வரியில் கண் நின்றுவிட்டது: 'இது கணினி அச்சு, கையொப்பம் தேவையில்லை.' மாணவர் ஆலோசனை அறையில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவள் நான். இந்த மாதிரிக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளைகள் பலர். அவர்களிடம் முதலில் கேட்பேன்: "இது வந்த பிறகு யாராவது உங்களுக்குப் போன் பண்ணினார்களா?" இல்லை என்றுதான் முக்கால்வாசிப் பேர் சொல்வார்கள். உங்கள் கேள்விக்கு என் பதிலும் அங்கேதான் தொடங்குகிறது.

80 விழுக்காடு யாருக்காக?

கோபத்தில் நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. நம் நாட்டில் ஒரு கிரெடிட் என்றால் மாணவர் 40 மணி நேரம் கற்க வேண்டும் என்று கணக்கு. மூன்று கிரெடிட்டுக்கு 120 மணி நேரம். உங்கள் பாடத்தில் வாரம் இரண்டு விரிவுரை, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், 14 வாரம்; மொத்தம் 42 மணி. மீதி 78 மணி நேரத்தை நீங்கள் நூலகத்தில் கழித்தீர்களா, டயாலிசிஸ் நிலையத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் மடியில் நோட்டு வைத்துக் கழித்தீர்களா என்று யாரும் பார்ப்பதில்லை. எண்ணுவதற்கு எளிதானது எதுவோ அதைத்தான் விதி எண்ணுகிறது. இதில் உங்களோடு நான் உடன்படுகிறேன்.

ஆனால் "ஸ்லைடு போதும்" என்பதில் உடன்பட முடியவில்லை. 2010-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர், வருகைக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வகுப்புக்கு ஒழுங்காக வருகிறவர்களுக்கும் நல்ல கிரேடுக்கும் வலுவான தொடர்பு இருந்தது. பள்ளி மதிப்பெண்ணைவிட, படிக்கும் பழக்கத்தைவிட, வருகைதான் கிரேடை நன்றாக முன்கூட்டிக் காட்டியது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. வருகையைக் கட்டாயமாக்கினால் கிரேடு கூடுவது கொஞ்சம்தான். வகுப்பில் பயன் நிறைய உண்டு, மிரட்டி உட்கார வைப்பதில் அவ்வளவு இல்லை என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

உங்கள் கடிதமே இதற்குச் சாட்சி. ஒத்திவைக்கப்பட்ட வரி பற்றிய அத்தியாயத்தை ஸ்லைடில் மூன்று முறை படித்தும் புரியவில்லை, தோழி சொல்லிக் கொடுத்த பிறகுதான் பிடிபட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். தோழிக்கு எப்படிப் புரிந்தது? அந்தப் புதன்கிழமை அவள் வகுப்பில் இருந்தாள்.

இந்த விதியால் மாணவருக்கு உண்மையான நன்மை ஒன்று உண்டு என்று நம்புகிறேன். யாரோ ஒரு பிள்ளை சரிந்துகொண்டிருக்கிறது என்று அது மூன்றாவது வாரத்திலேயே காட்டிக் கொடுக்கும். நன்றாகப் படிக்கிற பெண் திடீரென்று திங்களும் புதனும் மட்டும் வருவதில்லை, மற்ற வகுப்பில் எல்லாம் இருக்கிறாள் என்றால் அதில் ஒரு செய்தி இருக்கிறது. அதைப் பார்த்து ஒருவர் "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டிருந்தால் இந்தக் கடிதத்தை எனக்கு எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது. மணி அடிக்கிறது, கேட்க ஆளில்லை. கடைசியில் அதே மணியைத் தேர்வு மண்டபத்தின் வாசலில் பூட்டாக மாட்டிவிடுகிறார்கள். பல்கலைக்கழகங்கள் இதை மாற்ற வேண்டும் என்று நான் பேசாத கூட்டமில்லை. சரி, அது மாறும்வரை நீங்கள் காத்திருக்க முடியாது. பத்தாம் வாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

மொத்தம் 28 வகுப்பு. 80 விழுக்காடு என்றால் 22.4, அதாவது குறைந்தது 23-க்கு நீங்கள் வந்திருக்க வேண்டும். இனி இருக்கும் எட்டுக்கும் போனால்கூடப் பதிவில் 22 வரும், 78.6 விழுக்காடு. ஒரே ஒரு வகுப்பு குறைகிறது. தோழி ஸ்கேன் செய்த இரண்டையும் கழித்து உண்மைக் கணக்கு பார்த்தால் 20. அதாவது மூன்று குறைகிறது.

எஃப் பற்றிய பயத்தையும் எண்ணில் பார்த்துவிடலாம். இதுவரை 60 கிரெடிட், சிஜிபிஏ (மொத்தக் கிரேடு சராசரி) 3.10 என்று எழுதியிருந்தீர்கள். இந்த செமஸ்டரில் மற்ற நான்கு பாடத்திலும், 12 கிரெடிட்டுக்கு, சராசரியாக 3.00 எடுத்து, இதில் மட்டும் எஃப் வந்தால் சிஜிபிஏ 2.96. வேதனைதான், உலகம் முடிந்துவிடவில்லை. எஃப் வராமல் பாடத்திலிருந்து முறைப்படி விலகினால் 3.08. பிடிபிடிஎன் கடன் தொடர 2.00 இருந்தால் போதும். அந்தக் கோட்டுக்கும் உங்களுக்கும் வெகுதூரம். ஒரு பாடத்தில் எஃப் வந்ததற்காக முழுக் கடனையும் உடனே கட்டு என்று யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். அது வெறும் பேச்சு.

உண்மையான ஆபத்தை நீங்கள் ஓரமாக, அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தீர்கள்: இந்தப் பாடம் ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும், மூன்றாம் ஆண்டில் இரண்டு பாடங்களுக்கு இது முன்தேவை. எஃப் வந்தாலும் விலகினாலும் சங்கிலி அறுந்து படிப்பு நீளலாம். கடனோ குறிப்பிட்ட காலத்துக்குத்தான். நீளும் செமஸ்டருக்கு நீங்களே பணம் தேட வேண்டி வரலாம். ஆகவே முதல் முயற்சி தேர்வு எழுதுவதற்குத்தான் இருக்க வேண்டும். விலகுவது அடுத்த வழி. செமஸ்டரையே ஒத்திவைப்பதை நான் சொல்லமாட்டேன். ஐந்து பாடத்து உழைப்பும் அந்த 31 புள்ளியும் வீணாகும்.

பெல் கர்வ் பற்றி ஒரு வார்த்தை. உள்ளூர்ப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் எத்தனை புள்ளிக்கு எந்த கிரேடு என்ற அட்டவணை முன்கூட்டியே இருக்கும். உங்கள் கையேட்டின் பின்பக்கத்திலும் அது இருக்கிறது. 80-ம் அதற்கு மேலும் ஏ. அடுத்த நாற்காலியில் இருப்பவள் நன்றாக எழுதினால் உங்கள் புள்ளி குறையாது. மதிப்பீட்டு முறை, கிரேடு முறை, மேல்முறையீட்டு வழி மூன்றையும் படிப்பின் தொடக்கத்திலேயே மாணவர்களுக்குத் தெரிவித்துவிட வேண்டும் என்பது மலேசியத் தகுதி நிறுவனமான எம்கியூஏ-வின் தர விதி. ஆகவே கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. அதற்காக நீங்கள் கூச வேண்டியதில்லை.

தோழி ஸ்கேன் செய்த இரண்டு நாள்

இதைச் சாதாரணமாக, "எல்லாரும் செய்வதுதான்" என்று எழுதிவிட்டீர்கள். கொஞ்சம் நின்று கேளுங்கள். வருகையில் பொய்ப்பதிவு ஒழுங்குக் குற்றம். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில், 1971-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டத்தின் கீழ் வரும் ஒழுங்கு விதிகளில் தண்டனை எச்சரிக்கையிலிருந்து நீக்கம்வரை போகும். வராமல் போனதற்கு உங்களிடம் கண்ணீர் வரவழைக்கும் காரணம் இருக்கிறது. இதற்கு இல்லை. உங்கள் தோழியும் இதில் மாட்டுவாள்.

இன்னொன்றும் இருக்கிறது, நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். விலக்குக் கேட்க உங்களுக்குத் தேவையான ஆவணமே டயாலிசிஸ் நிலையத்தின் கடிதம்தான்: இன்னின்ன தேதிகளில் காலை ஏழு மணிக்கு இவர் தந்தையோடு இங்கே இருந்தார் என்று. எட்டுத் தேதியும் அதில் வரும். அந்த எட்டில் இரண்டு நாள் நீங்கள் விரிவுரை மண்டபத்தில் இருந்ததாகப் பல்கலைக்கழகக் கணினி சொல்லும்.

அந்த இரண்டு தேதியை மட்டும் விட்டுவிட்டுக் கடிதம் வாங்கலாமே என்று தோன்றும். அதை நான் சொல்லித்தர மாட்டேன். தேவையும் இல்லை. உண்மைக் கணக்கில் மூன்று வகுப்புதான் குறைகிறது; எட்டு நாளுக்கும் உங்களிடம் ஆதாரம் வரப்போகிறது. மூன்றுக்கு விலக்குக் கிடைத்தாலே 23 ஆகிவிடும். பொய் சொல்லி உங்களுக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை.

முதலில் தோழியிடம் பேசுங்கள், அவளுக்குத் தெரியாமல் அவள் பெயர் வெளியே வரக்கூடாது. அப்புறம் பல்கலைக்கழக ஆலோசகரைப் பாருங்கள். 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி பதிவுபெற்றவர் நீங்கள் சொல்வதை ரகசியமாக வைக்கக் கடமைப்பட்டவர். அவரிடம் இதைச் சொல்லலாம். எப்படி, யாரிடம், எந்த வரிசையில் ஒப்புக்கொள்வது என்று அவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். தண்டனையே இருக்காது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. தானாக வந்து சொன்னவரையும் பிடிபட்டவரையும் ஒரே மாதிரி நடத்திய குழுவை நான் பார்த்ததில்லை. கடவுச்சொல்லை இன்றே மாற்றிவிடுங்கள்.

இந்த வாரத்துக்குள்

ஓர் அனுமானத்தைத் திருத்திவிடுகிறேன். அப்பாவின் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) இருப்பதால் வருகை தானாகச் சரியாகிவிடும் என்று நினைக்கிறீர்கள். எம்.சி. நோயாளிக்கு; உடன் போனவருக்கு அது செல்லாது. உடன் இருந்ததற்குத் தனிக் கடிதம் வேண்டும். நிலையத்தின் தாதியரிடம் கேட்டால் தேதிகளோடு எழுதி முத்திரை குத்தித் தருவார்கள். அரசு மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவு கொடுத்த நோய் விவரக் கடிதத்தின் நகலையும் அதோடு இணையுங்கள்.

விரிவுரையாளரை நேரில் பாருங்கள். அவரால் தனியாக விலக்குத் தர முடியாது, பல இடங்களில் டீன் அலுவலகம்தான் முடிவு செய்யும். ஆனால் "இந்த மாணவியை எனக்குத் தெரியும், தொடர் மதிப்பீட்டில் 40-க்கு 31" என்று அவர் எழுதும் ஒரு வரிக்கு அங்கே மதிப்பு உண்டு. டீனுக்குக் கடிதத்தை மலாயில் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அப்பாவின் நோய், நேரம், தேதிகள், இனி என்ன ஏற்பாடு, எத்தனை வகுப்புக்கு விலக்குக் கேட்கிறீர்கள். விதி அநியாயம் என்ற வாதம் அதில் வேண்டாம், அதை இன்னொரு நாள் மாணவர் பேரவையில் பேசுங்கள், நானும் கூட வருகிறேன். மாணவர் விவகாரப் பிரிவான எச்இபி-க்கு ஒரு நகல் அனுப்புங்கள். அவசர நல நிதி இருக்கிறதா என்றும் அங்கேயே கேட்கலாம்.

உங்கள் கையேட்டின்படி 12-ஆம் வாரம் வெள்ளிக்கிழமைவரை பாடத்திலிருந்து விலகலாம். விலகினால் 12 கிரெடிட் மிஞ்சும், அதுதான் குறைந்தபட்சமும். டீன் பதில் அதற்குள் வராவிட்டால் வியாழக்கிழமை காலை நேரே அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். "பார்க்கிறோம்" என்றால், விலகுவதா காத்திருப்பதா என்று அன்றே ஆலோசகரோடு பேசி முடிவெடுங்கள். தேதி தாண்டிய பிறகு கொண்டுவரும் நல்ல காரணம் எடுபடாது. அறுபது கிலோமீட்டர் தாண்டி ஒரு தோட்டத்திலிருந்து வந்த பையன் ஒருவன், உங்களைவிட வலுவான காரணத்தோடு, 13-ஆம் வாரம் என் அறைக்கு வந்தான். கையில் எல்லாக் காகிதமும் இருந்தது. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தக் காகிதங்களை அவன் திரும்ப அடுக்கிப் பையில் வைத்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நீதிமன்றம் போகலாமா என்றும் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். கல்வி மதிப்பீட்டில் நீதிமன்றங்கள் பொதுவாகத் தலையிட விரும்புவதில்லை. நடைமுறை நியாயமாக இருந்ததா என்று வேண்டுமானால் பார்க்கும். நீங்கள் இன்னும் ஒரு கடிதம்கூட எழுதாத நிலையில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

வீட்டில்

நான் அதிகம் யோசித்தது இதைப் பற்றித்தான். உங்கள் அண்ணன் கடிதத்தில் ஒரே வரியில் வந்து போகிறார்: ரவாங்கில் கிடங்கு வேலை, இரவு ஷிப்ட், காலை ஏழு மணிக்கு முடியும். ஏழு மணிக்கு வேலை முடிகிறவரால் பதினொன்றரைக்கு அப்பாவைக் கூட்டி வர முடியாதா? களைப்பாகத்தான் இருப்பார், நீங்களும் களைத்துத்தான் இருக்கிறீர்கள். நம் வீடுகளில் சம்பளம் கொண்டுவருகிறவருக்கு வேலை இருக்கிறது, படிக்கிற பிள்ளை சும்மா இருக்கிறது என்று ஒரு நினைப்பு. அதிலும் பெண்பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. நீங்கள் வாய் திறக்காதவரை அவர்களுக்குத் தெரியவும் வழியில்லை.

அடுத்தது நிலையம். டயாலிசிஸ் நிலையங்களில் திங்கள், புதன், வெள்ளிக்கு ஒரு வரிசை, செவ்வாய், வியாழன், சனிக்கு ஒரு வரிசை என்று பொதுவாக இரண்டு உண்டு. ஒரே நாளில் காலை, மதியம் என்று வேளைகளும் உண்டு. ஆறு மாதத்தில் யாராவது வரிசையை மாற்றக் கேட்டீர்களா? கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. இடம் காலியாகக் காத்திருக்க வேண்டி வரலாம், ஆனால் இன்றே பெயர் கொடுத்து வையுங்கள். செவ்வாய்க்கு மாறினால் உங்கள் எட்டு மணிச் சிக்கலே இல்லை.

அப்பா லாரி ஓட்டிய காலத்தில் சம்பளத்தில் சொக்சோ, அதாவது பெர்கேசோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் சந்தா, பிடித்தார்களா என்று பாருங்கள். தகுதியுள்ள சந்தாதாரர்களின் டயாலிசிஸ் செலவை பெர்கேசோ ஏற்கிறது. வேலை செய்ய முடியாத நிலைக்கு ஓய்வூதியமும் உண்டு. அதற்கு 60 வயதுக்கு முன் மனுச் செய்ய வேண்டும், அப்பாவுக்கு 54 தான். படிப்பை விட்டு வேலைக்குப் போகலாமா என்று கேட்டீர்களே, வீட்டுக்குப் பணம் வரும் மற்ற வழிகளை முழுதாகப் பார்க்காமல் அந்த முடிவை எடுக்க வேண்டாம். ஆறாம் படிவ எஸ்டிபிஎம் தேர்வு முடித்த தாளோடு நீங்கள் இன்று போகும் வேலைக்கும், கணக்கியல் பட்டத்தோடு இரண்டு ஆண்டில் போகும் வேலைக்கும் உள்ள சம்பள வித்தியாசம் அப்பாவின் மருந்துச் செலவுக்கும் சேர்த்துத்தான்.

அம்மாவிடம் இன்றிரவே சொல்லுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். "எனக்கு திங்கக்கிழமையும் புதன்கிழமையும் காலையில கிளாஸ் இருக்கும்மா. போகலன்னா சோதனை எழுத விடமாட்டாங்க. அண்ணன்கிட்ட நீங்க பேசணும்." இவ்வளவு போதும். அந்த எச்சரிக்கைக் கடிதத்தை அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் வையுங்கள், அப்பாவும் பார்க்கட்டும். தன்னால் மகள் படிப்பு கெடுகிறதே என்று அவர் கலங்குவார் என்றுதான் மறைத்து வந்திருக்கிறீர்கள். பின்னால் எஃப் வந்த பிறகு தெரிந்தால் அவர் படும் பாடு இதைவிடப் பெரிது.

திங்கள் காலை வகுப்புக்குப் போங்கள். அன்று அப்பாவை யார் கூட்டிப் போவது என்பதை ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டில் முடிவு செய்துவிடுங்கள். டீன் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.